பிரிவதற்கு முன்பே எழுதப்பட்ட பாட்டுகள்

“பிரிட்டிஷ் பாடகர்களான ரிச்சர்ட், லிண்டா தாம்ஸன் தம்பதியின் கடைசி ஆல்பமான ‘ஷூட் அவுட் த லைட்ஸ்’ அவர்களுடைய மணமுறிவைப் பாடிய ஆல்பம் என்றுதான் எங்கும் எழுதியிருக்கிறார்கள். அது சரியா? அவர்கள் சேர்ந்து பாடிய காலத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா? எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?” இதுதான் கேள்வி.

சரியில்லை. 1982இல் வெளிவந்த அந்த ஆல்பத்திலுள்ள பாட்டுகளில் பலவற்றை அவர்கள் 1980இலேயே ஒருமுறை ஸ்டூடியோவில் பாடி முடித்துவிட்டார்கள். ரிச்சர்ட் குடும்பத்தை விட்டுப் போனது அதற்கு ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து. எழுதும்போது பிரிவு என்ற ஒன்று நடக்கவே இல்லை.

ஆனால் தேதியைக் காட்டிப் பேச்சை முடித்துக்கொள்ள எனக்கு மனசில்லை. ‘மணமுறிவு ஆல்பம்’ என்ற பட்டத்தால் எனக்குள்ள வருத்தம் வேறு. அது ரிச்சர்டை எழுதியவராகவும் லிண்டாவை எழுதப்பட்டவராகவும் ஆக்கிவிடுகிறது. அந்தப் பத்து வருடத்தையும் வரிசையாகக் கேட்டுப் பார்த்தால் தெரிவது இன்னொன்று. ரிச்சர்டின் நல்ல பாட்டுகளில் பாதிக்கு மேல் ஒரு குறிப்பிட்ட குரல் பாடும் என்று தெரிந்தே எழுதப்பட்டவை. அந்தக் குரலோ, எந்த நேரத்தில் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும் என்று தெரியாத நிலையில் பாடியது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் அவர்கள் கதையைச் சொல்ல முடியாது.

ரிச்சர்ட் 1949இல் லண்டனின் நாட்டிங் ஹில்லில் பிறந்தவர். அப்பா ஸ்காட்லாந்துக்காரர், போலீஸ் துப்பறியும் அதிகாரி, ஓய்வில் கிட்டார் வாசிப்பவர். 1967இல் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழு தொடங்கியபோது ரிச்சர்டுக்குப் பதினெட்டு வயது. முதலில் அவர்களும் மற்ற ஆங்கிலேய இளைஞர்களைப் போல அமெரிக்கப் பாட்டுகளைத்தான் வாசித்தார்கள். சாண்டி டென்னி 1968இல் பாடகியாக வந்து சேர்ந்தபோது கூடவே பழைய கதைப்பாடல்களும் வந்தன. அதே வருடம் ‘த பேண்ட்’ குழுவின் முதல் ஆல்பம் வெளிவந்தது. அமெரிக்காவின் வேர்களை அமெரிக்காவில் வாழ்பவர்களே இவ்வளவு நன்றாகத் தோண்டும்போது நாம் எதற்கு அதை நகலெடுக்க வேண்டும், நம் மண்ணில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம் என்ற யோசனை இவர்களுக்கு அதைக் கேட்டுத்தான் வந்தது.

அந்த யோசனையை விபத்து ஒன்று முடிவாக்கியது. 1969 மே 12 அதிகாலை, பர்மிங்காமில் நிகழ்ச்சி முடிந்து திரும்பும் வழியில் எம்1 நெடுஞ்சாலையில் அவர்களுடைய வேன் கவிழ்ந்தது. டிரம்மர் மார்ட்டின் லாம்பிள் இறந்தார், வயது 19. ரிச்சர்டின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்தார். பிழைத்தவர்கள் குழுவைக் கலைத்துவிடலாமா என்று பேசி, கலைக்காமல், பழைய வாசிப்பையும் தொடாமல், புதிதாக ஒன்றைச் செய்தார்கள். பல நூற்றாண்டுப் பழமையான பிரிட்டிஷ் கதைப்பாடல்களுக்கு எலக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் வைத்தார்கள். அந்த வருட டிசம்பரில் வெளிவந்த ‘லீஜ் அண்ட் லீஃப்’தான் ஆங்கிலேய ஃபோக்-ராக் என்று இன்று நாம் சொல்வதன் அஸ்திவாரம். இருபது வயதில் ரிச்சர்ட் இதையெல்லாம் கடந்து வந்திருந்தார். அவர் பாட்டுகளில் சாவு ஏன் இவ்வளவு சாதாரணமாக வந்து உட்காருகிறது என்று கேட்பவர்களுக்கு நான் இந்த வருடத்தைத்தான் காட்டுவேன்.

லிண்டாவை அவர் சந்தித்ததும் அதே 1969இல்தான், செல்ஸியிலிருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டூடியோவில். லிண்டா லண்டன் ஹாக்னியில் பிறந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வளர்ந்தவர். சொந்தக் குடும்பப் பெயரான பெட்டிஃபரை மாற்றிக்கொண்டு லிண்டா பீட்டர்ஸ் என்ற பெயரில் ஃபோக் கிளப்புகளில் பாடிக்கொண்டிருந்தார். சாண்டி டென்னிக்கு நெருங்கிய தோழி. வயிற்றுப்பாட்டுக்கு விளம்பரப் பாட்டுகளும் பாடுவார். அன்று அந்த ஸ்டூடியோவுக்கு வந்ததும் ஒரு விளம்பரப் பாட்டுக்காகத்தான்.

1971 தொடக்கத்தில் ரிச்சர்ட் ஃபேர்போர்ட்டை விட்டு விலகினார். 1972இல் ‘ஹென்றி த ஹியூமன் ஃப்ளை’ என்று தனி ஆல்பம் போட்டார், அது விற்கவே இல்லை. லிண்டா அதில் பின்குரல் பாடியிருக்கிறார். அந்த வருட அக்டோபரில் கல்யாணம். பிறகு இருவருமாக இங்கிலாந்து முழுக்க ஃபோக் கிளப்புகளில் பாடினார்கள். ஃபோக் கிளப் என்றால் பெரிய அரங்கம் இல்லை. ஊர் மதுக்கடையின் மாடியறை, ஐம்பது நாற்காலி, பல இடங்களில் மைக் கூடக் கிடையாது. பாடுபவரின் மூச்சு கேட்கும் தூரத்தில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். லிண்டாவின் பாடும் முறை அந்த அறைகளுக்குப் பொருந்திய முறை. அலங்காரம் இல்லை, சங்கதி இல்லை, உருக்கிக் காட்டுவதும் இல்லை. சொல்லைச் சொல்லாக வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். துக்கம் நமக்குத்தான் பொங்கும்.

1973 மே மாதத்தில் அதே சவுண்ட் டெக்னிக்ஸில் ஒலிப்பதிவாளர் ஜான் வுட்டுடன் சேர்ந்து முதல் ஆல்பத்தைப் பதிவுசெய்தார்கள், மிகக் குறைந்த செலவில், சில நாட்களில். ‘ஐ வான்ட் டு சீ த பிரைட் லைட்ஸ் டுநைட்’ என்று பெயர். ஆனால் எண்ணெய் நெருக்கடியால் தட்டு வார்க்கும் வினைலுக்கே தட்டுப்பாடு வந்துவிட, ஐலண்ட் கம்பெனி அதை 1974 ஏப்ரலில்தான் வெளியிட்டது. விற்பனை ஒன்றும் சொல்லும்படி இல்லை. எனக்கு இது அந்தப் பத்தாண்டின் மிகச் சிறந்த ஆங்கிலேய ஆல்பங்களில் ஒன்று, எவரோடு வேண்டுமானாலும் வாதிடத் தயார்.

தலைப்புப் பாட்டில் வாரம் முழுக்க உழைத்த பெண் ஒருத்தி இன்று இரவு ஊருக்குள் போய் விளக்கு வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும், கையிலுள்ள காசைச் செலவழிக்க வேண்டும் என்கிறாள். பின்னால் மான்செஸ்டர் கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கத்தின் பித்தளை வாத்தியக் குழு வாசிக்கிறது. வடக்கு இங்கிலாந்தின் தொழிற்சாலை ஊர்களில் தொழிலாளர்களே இப்படிப் பித்தளை பேண்டு வைத்து வாசிப்பது பழைய வழக்கம். அந்தப் பெண்ணின் பாட்டுக்குப் பின்னால் அவள் ஊரே எழுந்து வாசிப்பது போலிருக்கும். அமெரிக்க ராக்கில் சாக்ஸபோன் வந்து நிற்கும் இடத்தில் இவர்கள் இதைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஃபேர்போர்ட் காலத்தில் எடுத்த முடிவு சொந்தப் பாட்டிலும் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்.

அதே ஆல்பத்தில் ‘த எண்ட் ஆஃப் த ரெயின்போ’ என்று ஒரு தாலாட்டு. ரிச்சர்ட் பாடுவது. தொட்டில் குழந்தையிடம், வானவில்லின் முடிவில் உனக்காக ஒன்றும் இல்லை, வளர்ந்து பார்க்க இங்கே ஒன்றும் மிச்சமில்லை என்கிறார். அவர்களுடைய முதல் குழந்தை பிறந்த வருடத்தில் பதிவான பாட்டு அது! இதை வைத்து அவருக்குத் தன் குழந்தையே பிடிக்கவில்லை என்று யாராவது எழுதுவார்களா? மாட்டார்கள். கதைப்பாடல் மரபில் ஊறியவர் வேறொருவர் வாயால் பேசுகிறார் என்று எல்லோருக்கும் புரிகிறது. இதே நியாயத்தைத்தான் எட்டு வருடம் கழித்து வந்த ஆல்பத்துக்கும் நான் கேட்கிறேன்.

கடைசிப் பாட்டு ‘த கிரேட் வலேரியோ’. கழைக்கூத்தாடி ஒருவன் உயரத்தில் கயிற்றின் மேல் நடக்கிறான், கீழே நின்று எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒற்றைக் கிட்டாரும் லிண்டாவின் குரலும் மட்டும். கூட்டத்தில் ஒருத்தியாகக் கீழே நின்று பாடுகிறார். இந்தக் கயிற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்டை விவகாரம் இந்தக் காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது. முதல் குழந்தையைச் சுமந்திருந்தபோது பாடப் போனால் சில நேரம் சத்தமே எழும்பவில்லை. டிஸ்ஃபோனியா என்கிறார்கள். குரல்வளைத் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்ளும், குரல் உடையும், இல்லாவிட்டால் வராமலே போகும். ஜலதோஷம் மாதிரி மருந்து சாப்பிட்டுச் சரிசெய்கிற காரியம் இல்லை. வரும், போகும், எப்போது என்று தெரியாது. பாடகிக்கு இதைவிடக் கொடுமையான நோய் இருக்க முடியாது.

1973-74 வாக்கில் இருவரும் இஸ்லாத்தைத் தழுவி ஒரு சூஃபி சமூகத்தில் சேர்ந்தார்கள். அப்துல்காதிர் என்ற பெயரில் அதன் தலைவராக இருந்தவர் இயன் டல்லஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். முதலில் லண்டனில், பிறகு கிழக்கு ஆங்கிலியாவின் கிராமப்புறத்தில் கூட்டுவாழ்க்கை. ரிச்சர்டுக்கு அது தேடிக்கொண்டிருந்த இடம். அவர் இன்றும் முஸ்லிம். லிண்டாவுக்கு அந்த வாழ்க்கை மிகவும் கடினமாக இருந்தது என்பதைப் பிற்காலப் பேட்டிகளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். பெண்கள் தனியே, வேலையெல்லாம் அவர்கள் தலையில், வசதி குறைவு. இரண்டாவது குழந்தை டெடி 1976இல் அந்தச் சூழலில் பிறந்தவர்தான்.

இந்தக் காலத்தின் ஆல்பங்கள் இரண்டும் 1975இல் வந்தவை. ‘ஹோக்கி போக்கி’யைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, நல்ல பாட்டுகள் உண்டு, ‘எ ஹார்ட் நீட்ஸ் எ ஹோம்’ ஒன்றுக்காகவே வாங்கலாம். ‘போர் டவுன் லைக் சில்வர்’ வேறு ரகம். எதுவும் கூடுதலாக இல்லாத ஆல்பம். அட்டையில் ரிச்சர்ட் தலைப்பாகையோடு இருப்பார். இதிலுள்ள பாட்டுகளில் ‘நீ’ என்று வருவது மனைவியா கணவனா கடவுளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நாயகி பாவத்தில் வளர்ந்த மொழி நமது, இது நமக்குக் குழப்பமாக இருக்காது. ஆங்கில விமரிசகர்கள் பலர் இதில் தடுமாறியிருக்கிறார்கள்.

அந்த ஆல்பத்தின் முடிவில் வரும் ‘டிம்மிங் ஆஃப் த டே’யை ஒருவர் வாழ்நாள் முழுக்கக் கேட்கலாம். பொழுது மங்கும் நேரம், இடிந்துகொண்டிருக்கும் வீடு, கண்ணீர், அதற்கெல்லாம் நடுவில் ‘நீ வேண்டும்’ என்ற ஒரே கோரிக்கை. லிண்டா அதைக் கெஞ்சலாகப் பாடவில்லை. கணக்குப் பார்த்து மிச்சம் இவ்வளவுதான் என்று சொல்கிற குரலில் பாடுகிறார். பிறகு எத்தனையோ பேர் இதைப் பாடியிருக்கிறார்கள், போனி ரைட் 1994இல் பாடியது நன்றாகவே இருக்கும். ஆனாலும் மூலத்துக்குத் திரும்பாமல் இருக்க முடிவதில்லை. பாட்டு முடிந்ததும் நிற்காமல் ‘டார்காய்’ என்ற தனிக் கிட்டார் இசை தொடர்கிறது. ஸ்காட்டிஷ் ஃபிடில் மேதை ஸ்காட் ஸ்கின்னர் இயற்றிய மெட்டு அது. டார்காய் என்பது பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லையிலிருந்த ஒரு குன்று. 1897இல் ஸ்காட்டிஷ் படைவீரர்கள் அங்கே போரிட்டதன் நினைவாக எழுந்த இசை. ஒரு பிரார்த்தனைக்கும் ஒரு போர்க்கள மெட்டுக்கும் நடுவே அவர் ஏன் இடைவெளி விடவில்லை என்று பல வருடமாக யோசித்திருக்கிறேன்.

ரிச்சர்டின் கிட்டார் வாசிப்பைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ப்ளூஸின் மேல் கட்டப்படாத எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பு ராக்கில் மிக அபூர்வம். இவருடையது ஸ்காட்லாந்தின் ஊதுபை வாத்தியமான பேக்பைப்பிலிருந்து வருகிறது. அடியில் சுருதி ஒன்று விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்க, மேலே சுரங்களை வளைத்து, ஒன்றை இன்னொன்றின் மேல் தட்டிவிட்டு வாசிப்பார். கமகத்துக்குப் பழகிய காதுக்கு அது உடனே பிடிபடும். 1975 நவம்பரில் ஆக்ஸ்ஃபோர்டில் வாசித்த ‘த கால்வரி கிராஸ்’ பத்து நிமிடத்துக்கு மேல் நீளும். அதைக் கேட்டால் நான் சொல்வது விளங்கும்.

அதன்பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் ஆல்பம் எதுவும் பதிவாகவில்லை. பழம்பொருள் வியாபாரம் கூடச் செய்தார் ரிச்சர்ட். திரும்பி வந்து க்ரிஸாலிஸ் கம்பெனிக்காக 1978இல் ‘ஃபர்ஸ்ட் லைட்’, 1979இல் ‘சன்னிவிஸ்டா’ என்று இரண்டு ஆல்பம். இரண்டும் விற்கவில்லை, கம்பெனி கைவிட்டது. இந்த இரண்டையும் கடைசியாகக் கேட்டால் போதும்.

இப்போது 1980. பாடகர் ஜெர்ரி ராஃபர்ட்டி அப்போது பெரிய நட்சத்திரம். இவர்களைத் தன் நிகழ்ச்சிகளில் தனக்கு முன்னால் பாடுபவர்களாகச் சேர்த்துக்கொண்டதோடு, சொந்தப் பணத்தில் ஒரு ஆல்பமும் எடுத்துக் கொடுத்தார். நல்ல மனசு. ஆனால் அவருக்கு எல்லாம் வழவழப்பாக, அடுக்கடுக்காக இருக்க வேண்டும். ரிச்சர்டுக்கு அந்த முறை ஒத்துவரவில்லை. முடித்த ஆல்பத்தை ராஃபர்ட்டி கம்பெனி கம்பெனியாகக் கொண்டுபோனார், யாரும் வாங்கவில்லை. அது அப்படியே கிடப்பில் போனது. ‘வாக்கிங் ஆன் எ வயர்’, ‘ஜஸ்ட் த மோஷன்’, ‘டோன்ட் ரினேக் ஆன் அவர் லவ்’ எல்லாம் அப்போதே பாடப்பட்டவை.

பிறகு பழைய நண்பர் ஜோ பாய்ட் வந்தார். ஃபேர்போர்ட்டின் முதல் தயாரிப்பாளர், ஹானிபல் என்று சொந்தமாகச் சிறு கம்பெனி தொடங்கியிருந்தார். கொஞ்சம் பணத்தில் சில நாட்களில் பதிவை முடிப்போம், மிஞ்சும் பணத்தில் அமெரிக்கச் சுற்றுப்பயணம் போவோம் என்றார். 1981 நவம்பரில் லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் அதே பாட்டுகள் மறுபடி, இந்தமுறை ஒரே அறையில் எல்லோரும் சேர்ந்து வாசித்தபடி. லிண்டா மூன்றாவது குழந்தையைச் சுமந்திருந்தார். மூச்சு போதாமல் அவர் பாட வேண்டிய சில பாட்டுகளை ரிச்சர்ட் பாடினார். ஆக, கோபக்காரக் கணவன் பாடுவது போல் இன்று கேட்கும் சில இடங்கள் முதலில் மனைவி பாடியவை! பாடுபவர் மாறினால் வரியின் அர்த்தமே மாறிவிடுகிறது. ஒரு வீட்டின் சண்டையை ஒட்டுக்கேட்கிறோம் என்று நினைப்பவர்கள் இதை அறிவதில்லை. தலைப்புப் பாட்டு சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த செய்தியிலிருந்து பிறந்தது என்று ரிச்சர்டே சொல்லியிருக்கிறார்.

அதே நேரத்தில் ரிச்சர்ட் தனியாக அமெரிக்கா போய்ப் பாடினார். அந்த நிகழ்ச்சிகளுக்கு ஏற்பாடு செய்த நான்ஸி கோவியிடம் காதல் கொண்டார். குழந்தை கமீலா பிறந்த கொஞ்ச நாளில் லிண்டாவிடம் சொல்லிவிட்டுப் பிரிந்தார். 1982இல் ஆல்பம் வெளிவந்தது. அட்டையில் காலியான அறையின் மூலையில் ரிச்சர்ட், மேலே மொட்டை பல்பு, சுவரில் லிண்டாவின் படம். பத்திரிகைகளுக்கு வேறென்ன வேண்டும்?

பயணம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதால், பிரிந்த இருவரும் ஒரே மேடையில் அமெரிக்கா முழுக்கப் பாடினார்கள். லிண்டா மன அழுத்த மாத்திரையும் வோட்காவுமாக இருந்தார், மேடையிலேயே ரிச்சர்டை உதைத்தார், அறைகளை உடைத்தார். இதையெல்லாம் அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: ஆத்திரத்தில் எதைப் பற்றியும் கவலையில்லாமல் இருந்ததால் தொண்டை திறந்துகொண்டது, அதுவரை பாடாத அளவுக்குப் பாட முடிந்தது. கணவன் எழுதிக் கொடுத்த பாட்டை, அவன் பக்கத்தில் கிட்டார் வாசிக்க, அவன் முகத்துக்கு நேரே பாடினார். அந்த இரவுகளில் பாட்டு யாருடையது? எழுதியவருடையது என்று நான் சொல்ல மாட்டேன்.

1973இல் கீழே நின்று கழைக்கூத்தாடியைப் பார்த்தவர் ‘வாக்கிங் ஆன் எ வயர்’ பாட்டில் தானே கயிற்றின் மேல் நிற்கிறார். விழுந்துகொண்டிருக்கிறேன் என்று பாடும் இடத்தில் அவர் குரலை உயர்த்தவே இல்லை. ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘வால் ஆஃப் டெத்’. நம் பொருட்காட்சிகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவார்களே, அந்த மரணக் கிணறுதான். ராட்டினங்களும் மற்ற ஆட்டங்களும் வேண்டாம், இதிலேயே இன்னொரு சுற்று விடுங்கள் என்கிறது பாட்டு. இருவரும் சேர்ந்தே பாடுகிறார்கள், கிட்டத்தட்ட சந்தோஷமாக. மணமுறிவு ஆல்பம் இப்படி முடியுமா? 1989இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை எண்பதுகளின் சிறந்த 100 ஆல்பங்களைப் பட்டியலிட்டபோது இதற்கு ஒன்பதாம் இடம் கொடுத்தது. வெளிவந்தபோது அதை வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

லிண்டா 1985இல் ‘ஒன் க்ளியர் மொமென்ட்’ என்று தனி ஆல்பம் போட்டார். பெட்ஸி குக்குடன் சேர்ந்து அவர் எழுதிய ‘டெல்லிங் மீ லைஸ்’ பாட்டை டாலி பார்ட்டன், லிண்டா ரான்ஸ்டட், எம்மிலூ ஹாரிஸ் மூவரும் 1987இல் பாடி ஹிட்டாக்கினார்கள். எழுதப்பட்டவர் எழுதவும் தெரிந்தவர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பிறகு குரல் முற்றிலும் அடைத்துக்கொள்ள, நெடுங்கால மௌனம். மகன் டெடி கூட இருந்து ஊக்கம் கொடுக்க, 2002இல் ‘ஃபேஷனபிளி லேட்’ வந்தது. அதற்கும் அடுத்தடுத்து இரண்டு. 2013இல் வந்த ‘வோன்ட் பீ லாங் நவ்’ ஆல்பத்தின் முதல் பாட்டில் பக்கத்தில் கிட்டார் வாசிப்பவர் ரிச்சர்ட்.

எதிலிருந்து தொடங்கலாம் என்றால், எல்லோரும் சொல்வது போல் ‘ஷூட் அவுட் த லைட்ஸி’லிருந்து வேண்டாம். ‘பிரைட் லைட்ஸ்’, பிறகு ‘போர் டவுன் லைக் சில்வர்’, மூன்றாவதாக அது. இந்த வரிசையில் கேட்டால் பத்திரிகைக் கதை காதில் குறுக்கே நிற்காது. ரிச்சர்டின் நினைவுக்குறிப்பு ‘பீஸ்விங்’ 2021இல் வந்தது, 1975 வரைக்கும்தான் எழுதியிருக்கிறார். முதல் இரண்டு ஆல்பத்துக்கும் அது நல்ல துணை.

அதற்கப்புறம் நேராக 2024க்குத் தாவி ‘ப்ராக்ஸி மியூசிக்’கைப் போடுங்கள். லிண்டாவால் இப்போது பாடவே முடிவதில்லை. அதனால் தான் எழுதிய பாட்டுகளை ஒவ்வொன்றாக வேறு வேறு குரல்களிடம் கொடுத்திருக்கிறார். ‘த சாலிடரி டிராவலர்’ பாட்டைப் பாடுவது கமீலா, அந்த 1981 நவம்பரில் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் அம்மாவின் வயிற்றில் இருந்தவர். நல்ல ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள்.